விண்கலத்தை யார் கூட்டுவது?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விஞ்ஞானப் புனைகதை பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் ஒரு தோழர் கேட்டார்: “சேரி எரிஞ்சிக்கிட்டு இருக்கு, ராக்கெட் கதை இப்ப எதுக்குங்க?” நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். கடந்த காலத்தை யார் எழுதினார்கள் என்று நாம் கேட்டோம். புராணங்களைப் பிரித்துப் போட்டோம். வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் நம்மைக் காணோமே என்று சண்டை போட்டோம். எதிர்காலத்தை யார் எழுதுகிறார்கள் என்று மட்டும் நாம் கேட்பதே இல்லை. அதுவும் ஒரு நிலம்தான் தோழர்களே. நாம் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே வேறு யாரோ பட்டா போட்டு வைத்துவிட்டால், பஞ்சமி நிலத்துக்கு அலைந்த மாதிரி அதற்கும் நாம் அலைய வேண்டி வரும்.

அதனால் ஒரு நாவலை எடுத்துக்கொள்கிறேன். ஆர்தர் சி. கிளார்க் எழுதிய ‘ராண்டவூ வித் ராமா’. ராமாவோடு ஒரு சந்திப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 1973இல் வந்தது. ஹியூகோ, நெபுலா என்று அந்த வகை எழுத்துக்கு அமெரிக்காவில் கொடுக்கிற இரண்டு பெரிய விருதுகளையும் வாங்கியது. இன்றைக்கும் சிறந்த விண்வெளி நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இதற்கு ஓர் இடம் உண்டு. எனக்கு இது பெரிய ஏமாற்றத்தைக் கொடுத்த நாவல். மட்டமான புத்தகமாக இருந்தால் ஏமாற்றம் வராது, மூடி வைத்துவிட்டுப் போய்விடலாம். நல்ல மூளை உள்ள ஒருவர் நன்றாக எழுதிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார். அங்கேதான் ஏமாற்றம் வருகிறது.

கிளார்க் சாதாரண ஆள் இல்லை. பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழல்கிற அதே வேகத்தில் சுற்றும் கோள்களை நிறுத்தி உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர். இன்றைக்கு நம் வீட்டுக் கூரையில் இருக்கிற டிஷ் ஆன்டெனா ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பது அந்தக் கணக்கினால்தான். 1956இல் இலங்கைக்குக் குடிவந்தார். 2008இல் கொழும்பில் இறந்தார். பாதி ஆயுளுக்கு மேல் நமக்குப் பக்கத்தில் வாழ்ந்த மனிதர்.

கதை இதுதான். 2131ஆம் ஆண்டில் சூரிய மண்டலத்துக்குள் ஒரு பொருள் நுழைகிறது. முதலில் விண்கல் என்று நினைக்கிறார்கள். பிறகுதான் தெரிகிறது, அது 50 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் விட்டமும் கொண்ட ஓர் உருளை. யாரோ செய்தது. நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. எண்டெவர் என்கிற கலத்தில் கமாண்டர் நார்ட்டனும் அவருடைய ஆட்களும் அதற்குள்ளே போகிறார்கள். உள்ளே கும்மிருட்டு. கிலோமீட்டர் கணக்கில் இறங்கும் படிக்கட்டு. உருளையின் உட்சுவரைச் சுற்றி வளையமாக உறைந்து கிடக்கும் கடல், அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலேயும் அதே கடல். சூரியனை நெருங்க நெருங்க அந்த உலகம் மெல்ல விழித்துக்கொள்கிறது. இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது உங்களுக்கும் கால் கூசும். அந்தத் திறமையை நான் மறுக்கவில்லை.

கடைசிவரைக்கும் ராமாவைச் செய்தவர்கள் யாரும் கண்ணில் படுவதில்லை. சூரியனிடமிருந்து தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு அந்த உருளை தன் வழியே போய்விடுகிறது. மனிதர்களை அது ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. நிறைய வாசகர்களுக்கு இதுதான் ஏமாற்றம். எனக்கு அது இல்லை. மனிதனின் அகங்காரத்துக்கு அது நல்ல அடி. என் ஏமாற்றம் ராமாவுக்குள்ளே இல்லை. ராமாவைப் பார்க்க வந்த மனிதர்களின் கலத்துக்குள்ளே இருக்கிறது.

அந்தக் கலத்தில் நான்கு குரங்குகள் இருக்கின்றன. சிம்ப் என்று அவற்றுக்குப் பெயர். சிம்பன்சியின் மரபணுவில் வேலை செய்து உருவாக்கப்பட்டவை. இவற்றை உற்பத்தி செய்து விற்பதற்கே ஒரு கம்பெனி இருக்கிறது. பிளாக்கி, பிளாண்டி, கோல்டி, பிரௌனி என்று நிறத்தை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். சில நூறு ஆங்கில வார்த்தைகள் புரியும். வேலை என்ன? கலத்தைச் சுத்தமாக வைத்திருப்பது, சில்லறைச் சமையல், கருவிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவது. மனிதனைவிடக் குறைவாகச் சாப்பிடும், குறைவாகப் பிராணவாயு இழுக்கும். நாளைக்குப் பதினைந்து மணி நேரம் சந்தோஷமாக உழைக்கும். சலிப்பே கிடையாது. சொன்ன பேச்சு கேட்கும். தேவையில்லாத ஆர்வம் காட்டாது. சுத்தமாக இருக்கும், நாற்றம் அடிக்காது. சைவம். பால் உணர்வும் இல்லாமல் செய்துவிட்டார்கள், ஆகவே அந்தத் தொந்தரவும் இல்லை.

இந்தப் பட்டியலை நிதானமாகத் திரும்பப் படித்துப் பாருங்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? பண்ணையார் கேட்ட பண்ணையாள் இதுதான். அமெரிக்கத் தோட்ட முதலாளி, “எங்கள் அடிமைகள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்” என்று சொன்னானே, அந்த அடிமை இதுதான். அதிகம் தின்னாத, கேள்வி கேட்காத, குடும்பம் இல்லாத, முக்கியமாக, நாற்றம் அடிக்காத ஆள். பல நூறு வருஷமாக மேலே உள்ளவன் கண்ட கனவு, 2131இல் கம்பெனித் தயாரிப்பாக வந்து நிற்கிறது.

இதில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு சிம்ப் 2.75 மனிதர்களின் வேலையைச் செய்யும் என்பது கம்பெனி சொல்கிற கணக்கு. வேலையை நொடிநொடியாக அளந்து கண்டுபிடித்ததாம். வங்கியில் பேரேடு பார்க்கிறவன் என்பதால் இந்த முக்கால் என்னைப் பிடித்து நிறுத்தியது. பொதுத்துறை வங்கிகளில் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர்கள் என்று ஒரு பிரிவு உண்டு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கூட்டுகிறார்கள் என்று பார்த்து மூன்றில் ஒரு பங்கு சம்பளம், அரைச் சம்பளம், முக்கால் சம்பளம் என்று போடுவது ஒப்பந்தத்திலேயே இருக்கிற முறை. மானேஜர் முக்கால் மானேஜராக இருப்பதில்லை. நான் அரை கிளார்க் இல்லை. துடைப்பம் எடுக்கிற கையை மட்டும்தான் பின்னத்தில் எழுத முடிகிறது. கிளார்க்கின் நாவலில் அதே பின்னம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. வேலை செய்கிறவரை முழு எண்ணாகப் பார்க்காத கண் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

“குரங்குதானே தோழர், மனுசன் இல்லையே, இதுல என்ன சாதி?” என்று கேட்கலாம். அதைத்தான் நானும் சொல்கிறேன். இந்த வேலைக்கு மனிதன் கூடாது, மனிதன் என்று சொல்ல முடியாத ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்த இடத்தில்தான் சாதி பிறக்கிறது. அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ எழுதியபோது இதை உடைத்துக் காட்டினார். சாதி வேலைகளை மட்டும் பங்கு போடவில்லை, வேலை செய்கிறவர்களையே தனித்தனிப் படிகளில் அடைத்து வைக்கிறது என்றார். சிம்ப் என்பது அந்தப் படியின் கடைசிக் கட்டை. பிறப்பிலேயே வேலை தீர்மானிக்கப்பட்ட பிறவி. நம் ஊரில் அதைச் சொல்ல மனு தேவைப்பட்டார், அங்கே ஓர் ஆய்வுக்கூடம் போதுமானதாக இருக்கிறது.

கிளார்க் இதை யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1964இல் பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘ஹொரைசன்’ நிகழ்ச்சியில் எதிர்காலம் பற்றிப் பேசினார். புத்திசாலி விலங்குகளை வேலைக்காரர்களாக வளர்க்கலாம் என்று அதிலும் சொல்கிறார். சொல்லிவிட்டு ஒரு ஜோக் அடிக்கிறார்: கடைசியில் இந்தக் குரங்குகளும் தொழிற்சங்கம் ஆரம்பிக்கும், நாம் பழையபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்போம் என்று. பாருங்கள், ஜோக்கில் அவருக்கு உண்மை தெரிந்திருக்கிறது. வேலை செய்கிற உயிர் ஒருநாள் வாயைத் திறக்கும் என்பது தெரிந்திருக்கிறது. ஒன்பது வருஷம் கழித்து நாவல் எழுதும்போது அந்த வாயை அடைத்துவிட்டார். 1964இன் சங்கம் 1973இன் கலத்துக்குள் வரவே இல்லை. அந்த நான்கு சிம்ப்களில் ஒன்று ஒரே ஒரு முறை துடைப்பத்தைக் கீழே போட்டிருந்தால் நாவலுக்கு வேறொரு உயிர் வந்திருக்கும். 50 கிலோமீட்டர் உருளையைக் கற்பனை செய்ய முடிந்தவருக்கு அந்த ஒரு காட்சியைக் கற்பனை செய்ய முடியவில்லை.

விஞ்ஞானக் கதைக்கு இது புதுசும் இல்லை. ரோபோ என்கிற வார்த்தையே எங்கிருந்து வந்தது? செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920இல் எழுதிய ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகத்திலிருந்து. செக் மொழியில் ‘ரொபொத்தா’ என்றால் பண்ணைக் குடிகள் நிலப்பிரபுவுக்குக் கூலி இல்லாமல் செய்து கொடுக்க வேண்டிய கட்டாய உழைப்பு. நம் மொழியில் அதற்கு நேரான வார்த்தை உண்டு, வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரியும் கடமையுமாக வருகிற வெட்டிதான். ஊருக்கு வெட்டிவேலை செய்தவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது அந்த இயந்திரத்தைத் தமிழில் ‘வெட்டியான்’ என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், அந்தப் பளபளப்பு அப்போதே போய்விடும். ஆனால் சாப்பெக் நேர்மையாக இருந்தார். அவருடைய நாடகத்தில் ரோபோக்கள் கலகம் செய்கின்றன.

அடுத்து அந்தப் பெயர். ராமா. வெளியே இருந்து வந்த உருளைக்கு ஏன் அந்தப் பெயர்? கிரேக்க, ரோமானியத் தெய்வங்களின் பெயரெல்லாம் தீர்ந்துபோனதால் வானியலாளர்கள் இந்துத் தெய்வங்களின் பட்டியலுக்கு வந்துவிட்டார்கள் என்று நாவல் காரணம் சொல்கிறது. ராமாவை முதலில் படம் எடுக்க அனுப்பும் ஆளில்லாக் கலத்துக்குச் சீதா என்று பெயர். கிளார்க்குக்கு இது வெறும் பெயர் விளையாட்டு. நமக்கு அப்படி இருக்க முடியுமா? தவம் செய்தான் என்பதற்காக சம்பூகன் என்கிற சூத்திரனின் தலையை வெட்டியவன் ராமன் என்று உத்தர காண்டம் சொல்கிறது. ராம ராஜ்ஜியம் வருணத்தின் மேல் கட்டப்பட்டது என்பதால் அந்தக் கொலை அந்த அமைப்பின் தேவை என்று அம்பேத்கர் அதே ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். 1956இல் பெரியார் ராமன் படத்தைக் கொளுத்தினார். ராமனுக்காகக் கடலைத் தாண்டியவர்களை, பாலம் கட்டியவர்களை, செத்தவர்களைக் குரங்குகள் என்று எழுதி வைத்தது ஏன் என்கிற கேள்வியும் இந்த மண்ணில் எழுந்ததுதான். அப்படி இருக்க, ராமா என்கிற பெயருள்ள நாவலில் சேவகம் செய்யக் குரங்குகள் வந்து நிற்கும்போது நாம் எப்படிச் சும்மா புரட்டிக்கொண்டு போவது? அவர் திட்டமிட்டுச் செய்தாரா என்பது என் கேள்வி இல்லை. ஒரு பிரதியில் ஆசிரியருக்கே தெரியாமல் பழைய அதிகாரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாசிப்பு என்பது அதை எழுப்பி விடுவதுதான்.

கிளார்க் கொழும்பில் இருந்தார் என்று சொன்னேன். பிரிட்டிஷ்காரன் காலத்தில் கொழும்பு, கண்டி நகரங்களின் தெருவும் கக்கூசும் சுத்தம் செய்வதற்கென்றே இங்கிருந்து அருந்ததியர் உள்ளிட்ட நம் மக்கள் கொண்டுபோகப்பட்டார்கள். லயத்தில் வைக்கப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூட்டிய தெருக்கள் உள்ள நகரத்தில் உட்கார்ந்து நட்சத்திரங்களைப் பற்றி எழுதினார் அவர். தொலைநோக்கியில் கண்ணை வைத்தவருக்குக் கீழே நின்ற துடைப்பம் தெரியவில்லை.

சரி, கதையை விடுங்கள். நிஜ விண்வெளியில் யார் கூட்டுகிறார்கள்? இதைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து மனிதர்கள் இருந்து வருகிறார்கள். எஞ்சினியர்கள், டாக்டர்கள், விமானிகள், விஞ்ஞானிகள். அங்கே கூட்டுவதற்கென்று தனி ஆள் கிடையாது. வாரத்தில் ஒருநாள், வழக்கமாகச் சனிக்கிழமை, எல்லோரும் துடைப்பது உறிஞ்சுவது என்று நிலையத்தைச் சுத்தம் செய்கிறார்கள். கக்கூஸ் கெட்டுப்போனால் அவர்களேதான் பிரித்துச் சரி செய்கிறார்கள். 2008இல் அப்படித்தான் கெட்டுப்போனது. பூமியிலிருந்து டிஸ்கவரி ஓடத்தில் பம்ப் போய்ச் சேர்ந்தது, மேலே இருந்தவர்கள் மாட்டினார்கள். பெகி விட்சன் என்பவர் உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், 2007இல் அந்த நிலையத்தின் முதல் பெண் கமாண்டர் ஆனவர். மலத் தொட்டி நிறைந்துவிட்டால் கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு அதை உள்ளே அழுத்திவிட வேண்டியிருக்கும் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த வேலை செய்ததால் அவருடைய அந்தஸ்து போய்விட்டதா? அவரைத் தொட யாராவது தயங்கினார்களா? கமாண்டர் கமாண்டராகத்தான் இருந்தார்.

ஆக, அசிங்கம் வேலையில் இல்லை. ஒரு பிறப்பின் தலையில் அந்த வேலையைக் கட்டி வைப்பதில்தான் இருக்கிறது. இதை நாம் மேடை மேடையாகச் சொல்லி வருகிறோம். விண்வெளி நிலையம் தன்னை அறியாமலேயே அதை நிரூபித்து வைத்திருக்கிறது. நிஜம் இவ்வளவு தூரம் போன பிறகும் கிளார்க்கின் கற்பனை பண்ணையிலேயே நிற்கிறது. எதிர்காலத்தைச் சொல்ல வந்த நாவல் நிஜத்துக்குப் பின்னால் போய்விட்டது என்றால் அதைவிடப் பெரிய தோல்வி என்ன?

நம் நாட்டுக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலாவின் தென்முனைப் பகுதிக்குப் பக்கத்தில் இறங்கியது. நானும் கை தட்டினேன். அதே 2023இல், அக்டோபர் 20 அன்று, சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கையால் மலம் அள்ளுவதற்குத் தடை போட்டு முதல் சட்டம் வந்தது 1993இல். இரண்டாவது சட்டம் 2013இல். சட்டம் இரண்டு வந்தும் சாவு நிற்கவில்லை. நிலாவுக்கு ஆளில்லாக் கலம் அனுப்பத் தெரிந்த நாட்டுக்குச் சாக்கடைக்கு ஆளில்லாக் கருவி அனுப்ப மட்டும் ஏன் கை வரவில்லை? தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. இறங்குவதற்கு ஒரு சாதி இருக்கிறது என்கிற தைரியம்தான்.

வேறு மாதிரி எழுத முடியாதா என்றால், எழுதியிருக்கிறார்கள். கிளார்க்கின் நாவலுக்கு அடுத்த வருஷமே, 1974இல், அர்சுலா லெ குவின் ‘தி டிஸ்பொஸஸ்டு’ என்றொரு நாவல் எழுதினார். அதுவும் வேற்றுக் கிரகக் கதைதான், அதுவும் அந்த இரண்டு விருதுகளையும் வாங்கியதுதான். அதில் அனாரெஸ் என்கிற கிரகத்தில் பத்து நாளுக்கு ஒருநாள் எல்லோரும் முறை வைத்து அழுக்கு வேலை செய்ய வேண்டும். கதாநாயகன் ஷெவெக் பெரிய இயற்பியலாளன். அவனும் வறண்ட பூமியில் மரம் நடப் போகிறான். அந்தச் சமூகத்தைச் சொர்க்கம் என்று அவர் காட்டவில்லை. அங்கேயும் பொறாமையும் அதிகாரமும் முளைக்கின்றன. ஆனால் குப்பையை யார் அள்ளுவது என்கிற கேள்வியைக் கதையின் வாசலிலேயே வைத்துக்கொண்டு அவர் எழுதினார். ஒரே காலம், ஒரே வகை எழுத்து. ஆகவே “அந்தக் காலத்துல அப்படித்தான் யோசிச்சிருப்பாங்க” என்கிற சமாதானம் செல்லாது.

ஆக்டேவியா பட்லர் என்று இன்னொருவர். அமெரிக்கக் கறுப்பினப் பெண். அப்பா ஷூ பாலிஷ் போட்டவர், அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர். அம்மா அந்த வீடுகளுக்குப் பின்வாசல் வழியாக நுழைவதைச் சின்ன வயதில் பார்த்தவர் அவர். 1993இல் அவர் எழுதிய ‘பேரபிள் ஆஃப் தி சோவர்’ நாவலில், ஊர் எரிந்து வீடு இழந்து நடந்தே போகிற ஒரு கறுப்பினப் பெண், மனித இனம் நட்சத்திரங்களுக்கிடையே வேர்விட வேண்டும் என்று ஒரு புது நெறியையே உருவாக்குகிறாள். சேரி எரியும்போது ராக்கெட் கதை எதற்கு என்று கேட்டாரே தோழர், அவருக்கு என் பதில் இந்த நாவல்தான். எரிகிற ஊரிலிருந்து வெளியே வந்தவள்தான் அதில் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுகிறாள்.

இங்கேயும் அப்படி ஒருவன் இருந்தான். கார்ல் சாகன் மாதிரி அறிவியல் எழுத்தாளன் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவன். ரோஹித் வேமுலா. 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அவனை இழந்தோம். அவன் எழுதியிருக்க வேண்டிய புத்தகங்கள் எழுதப்படாமல் போயின. அந்த இழப்பை நாம் அரசியலாகப் பேசினோம், பேச வேண்டியதுதான். இலக்கிய இழப்பாகவும் அதைப் பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நட்சத்திரம் பார்க்கிற உரிமையைக் கேட்ட ஒரு தலித் இளைஞனின் நாவல் நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது.

அதனால் மாணவத் தோழர்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, கிளார்க்கைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. படியுங்கள். அந்தப் படிக்கட்டில் நீங்களும் இறங்குங்கள். ஆனால் எந்த எதிர்காலக் கதையைக் கையில் எடுத்தாலும் முதல் பத்துப் பக்கத்துக்குள் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் கலத்தை யார் கூட்டுகிறார்கள்? அவர்களுக்குப் பெயர் உண்டா? அவர்கள் பேசுகிறார்களா? நம் தமிழ் விஞ்ஞானக் கதைகளையும் இதே கேள்வியோடு திறந்து பாருங்கள். பெங்களூரிலும் அமெரிக்காவிலும் நடக்கிற அந்தக் கதைகளில் கம்ப்யூட்டர் பேசும், இயந்திர நாய் பேசும். கூட்டுகிற அம்மா பேசுவாரா என்று பாருங்கள்.

இரண்டாவது, நீங்கள் எழுதுங்கள். பௌதிகம் படிக்கிறவர்கள், ஐ.டி.ஐ.யில் மெஷின் ஓட்டுகிறவர்கள், அம்மா நகராட்சியில் வேலை பார்க்கிறவர்கள், நீங்கள்தான் எழுத வேண்டும். தன்வரலாறு எழுதினோம், கவிதை எழுதினோம், பட்ட காயத்தைச் சொன்னோம். அது போதும் என்று யாரும் நமக்கு எல்லை போட வேண்டாம். காயத்தை மட்டும் எழுது, கனவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வதும் ஒரு வகைத் தீண்டாமைதான். பிளாக்கி என்று பெயர் வைக்கப்பட்ட அந்தச் சிம்ப் ஒருநாள் கமாண்டர் நார்ட்டன் முன்னால் வந்து, “இன்னைக்கு உன் முறை” என்று சொல்லித் துடைப்பத்தை நீட்டினால் என்ன நடக்கும்? அதிலிருந்து ஆரம்பியுங்களேன். அடுத்த கூட்டத்துக்கு யாராவது இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தால், இந்த மாதிரி நான் பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து கேட்கிறேன்.